சாளரச் சுடர்கள்

நுழையும்முன்

போர் என்றதும் களமும் படையும் கருவிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. களமாகாத ஊர்களுக்குள்ளும் போர் நுழைகிறது. அது உணவு மேசையில் அமர்கிறது, தெருவிளக்கை அணைக்கிறது, அண்டை வீட்டாரை நம்பலாமா என்று எண்ண வைக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது ஐந்தாண்டுகள் அயலாரின் பிடியில் இருந்த ஒரு தலைநகரத்து மக்கள் எவ்வாறு உண்டனர், உழைத்தனர், பாடினர், பொறுத்தனர், எந்த இடத்தில் பொறுமையை நிறுத்தினர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விடியலில் வந்த கப்பல்

வட ஐரோப்பாவில் கடல் சூழ அமைந்த சிறிய நாடு டென்மார்க். 1620ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பியதனால் தமிழக வரலாற்றிலும் இடம்பெற்ற நாடு அது. அதன் தலைநகரம் கோபன்ஹேகன். துறைமுகமும் கப்பல் கட்டும் தளங்களும் அரண்மனைகளும் பல்கலைக்கழகமும் நிறைந்த அந்நகரத்தின் சாலைகளில் அன்றும் மிதிவண்டிகளே மிகுதி.

1939ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியும் டென்மார்க்கும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டன. ஓராண்டு நிறைவதற்குள் அந்த உடன்படிக்கை வெறுந்தாளாயிற்று. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மானியப் படையினரை ஏற்றிய கப்பலொன்று கோபன்ஹேகன் துறைமுகத்தின் லாங்கலினி கரையில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வீரர்கள் அருகிலிருந்த பழங்கோட்டையைக் கைப்பற்றினர். அரசர் வாழும் அமாலியன்போர்க் அரண்மனையை நோக்கி நடந்தனர். அரண்மனைக் காவலர்கள் அவர்களைச் சுட்டுத் தடுத்தனர். அதே வேளையில் வானில் தாழப் பறந்த விமானங்கள் துண்டறிக்கைகளைத் தூவிச் சென்றன. டென்மார்க்கைக் காக்கவே வந்துள்ளோம் என்று பிழை மலிந்த டேனிய மொழியில் அவை கூறின.

பத்தாம் கிறிஸ்டியன் அரசரும் அமைச்சர்களும் அரண்மனையில் கூடினர். நாடு சமவெளி, படை சிறிது, தலைக்குமேல் குண்டுவீச்சு விமானங்கள். எதிர்த்தால் நகரம் அழியும் என்று கருதிய அரசு, சில மணி நேரத்திற்குள் பணிந்தது. அன்று காலை வழக்கம்போல் மிதிவண்டியில் பணிக்குப் புறப்பட்ட மக்கள், தங்கள் தெருமுனைகளில் அயல்நாட்டு வீரர்கள் துப்பாக்கியுடன் நிற்பதைக் கண்டனர். நகரம் இடியவில்லை, அலுவலகங்கள் திறந்தன, பள்ளி மணிகள் ஒலித்தன. ஆயினும் அந்தக் காலை முந்தைய நாளின் காலையாக இல்லை.

இயல்பு வாழ்க்கையின் விலை

போலந்தைப் போலவோ நார்வேயைப் போலவோ டென்மார்க் நடத்தப்படவில்லை. அரசர் அரண்மனையிலேயே இருந்தார். நாடாளுமன்றம் கூடியது. நீதிமன்றங்களும் காவல்துறையும் டேனியர் கையிலேயே இருந்தன. நாட்டின் உள் நிருவாகத்தில் தலையிடுவதில்லை என்று ஜெர்மனி கூறியது. 1943ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பொதுத்தேர்தல்கூட நடைபெற்றது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வாக்களித்த அத்தேர்தலில், டேனிய நாசிக் கட்சிக்கு நூற்றுக்கு இரண்டு வாக்குகளே கிடைத்தன. படைவலிமையால் பணிய நேர்ந்த மக்கள் தம் உள்ளத்தை வாக்குச்சீட்டில் வெளிப்படுத்தினர்.

இச்சலுகைகளுக்கு விலை இருந்தது. டென்மார்க்கின் வெண்ணெயும் இறைச்சியும் ஜெர்மனிக்குச் சென்றன. தொழிற்சாலைகள் ஜெர்மனி கேட்டவற்றைச் செய்து கொடுத்தன. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. 1941ஆம் ஆண்டில் பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. அக்கட்சியினரை டேனியக் காவலர்களே சிறைப்பிடித்தனர். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் அணியைச் சார்ந்த உடன்படிக்கை ஒன்றில் அரசு கையொப்பமிட்டபோது, கோபன்ஹேகன் மாணவர்கள் தெருவில் இறங்கி எதிர்ப்புக் குரல் எழுப்பினர்.

இது மக்களைக் காக்கும் அறிவுடைமையா? அநீதிக்குத் துணைபோகும் கோழைமையா? அன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த கேள்வி இது. இன்றும் டேனிய வரலாற்றறிஞர்கள் இதற்கு ஒரே விடையைத் தருவதில்லை.

இருளும் பங்கீடும்

போர்க்காலக் கோபன்ஹேகனில் மாலை வந்ததும் நகரம் கருமை பூண்டது. வான்வழித் தாக்குதலுக்கு அஞ்சி இருட்டடிப்பு ஆணை இடப்பட்டது. தெருவிளக்குகள் ஒளி இழந்தன. ஒவ்வொரு வீட்டிலும் சாளரங்களைக் கருந்திரையிட்டு மூடினர். வடபுலத்தின் குளிர்கால இரவு மிக நீண்டது. நண்பகல் கடந்து சில மணி நேரத்திலேயே பொழுது சாய்ந்துவிடும். அத்தகைய நாட்டில் வெளிச்சம் ஒரு கோடு வெளியே கசிந்தாலும் குற்றம் என்பது மக்கள் மனத்தைப் பெரிதும் வாட்டியது.

ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றைப் பங்கீட்டுச் சீட்டைக் காட்டியே பெற முடிந்தது. காப்பியை உயிராக விரும்பும் மக்கள், காப்பிக்கொட்டை வராமற்போகவே வறுத்த சிக்கரி வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த நிலக்கரி நின்றுவிட்டது. போரின் முதல் மூன்று குளிர்காலங்களும் கடுங்குளிராக அமைந்தன. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணும் பழுப்பு நிலக்கரியுமே அடுப்பை எரித்தன. பெட்ரோல் இன்மையால், விறகை எரித்து அதன் வாயுவால் இயங்கும் உந்துகள் கலனைச் சுமந்து ஊர்ந்தன. மிதிவண்டிக்கு நல்ல உருளிப்பட்டை கிடைப்பதும் அரிதாயிற்று.

பஞ்சத்தால் மடிந்த பிற ஐரோப்பிய நகரங்களோடு ஒப்பிட்டால் இவை பெருந்துன்பம் அல்ல. கோபன்ஹேகன் மக்களும் அதனை அறிந்திருந்தனர். தாங்கள் ஓரளவு உண்டு வாழ்வதற்கு எதை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்னும் எண்ணமே பசியைவிட அவர்களை உறுத்தியது.

சிறு அடையாளங்கள்

வாளேந்த இயலாத மக்கள் சிறு அடையாளங்களை ஏந்தினர். 1940ஆம் ஆண்டு கோடையில் ஆயிரக்கணக்கானோர் பூங்காக்களில் கூடித் தம் நாட்டுப் பாடல்களை ஒரே குரலில் பாடத் தொடங்கினர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் நாடெங்கும் மக்கள் ஒரே நேரத்தில் திரண்டு பாடினர். பாடுவதைக் குற்றமென்று சொல்ல ஆள்வோரிடம் சட்டம் இல்லை. அதே மாதத்தில் அரசரின் எழுபதாம் பிறந்தநாளுக்கென வெளியிடப்பட்ட சின்னத்தை மக்கள் சட்டையில் அணிந்து நடந்தனர். ஆங்கிலேய வான்படை விமானங்களில் காணும் வண்ண வட்டங்களைக் குல்லாய்களில் பின்னிச் சிறுவர்கள் அணிந்துகொண்டனர்.

அரசரும் ஓர் அடையாளமானார். முதுமையிலும் அவர் காலைதோறும் மெய்க்காவலர் எவருமின்றிக் குதிரைமீது நகரை வலம் வந்தார். மக்கள் அவரைச் சூழ்ந்து மிதிவண்டியில் உடன் சென்றனர். 1942ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் பிறந்தநாளுக்கு இட்லர் நீண்ட வாழ்த்துத் தந்தி அனுப்பினார். அரசர் மிகச் சுருக்கமாக நன்றி தெரிவித்து அமைந்தார். அதனை அவமதிப்பாகக் கருதிய இட்லர் கடுஞ்சினங்கொண்டார். வெர்னர் பெஸ்ட் என்பவரை முழு அதிகாரத்துடன் கோபன்ஹேகனுக்கு அனுப்பினார்.

தெரிந்து தெளிவோம்

யூதர் அணியவேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தை டென்மார்க் அரசர் தாமே அணிந்துகொண்டு குதிரையில் சென்றார் என்று பலரும் கூறுவர். இது உண்மையன்று. டென்மார்க்கில் மஞ்சள் நட்சத்திர ஆணை ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. அரசரின்மேல் மக்கள் கொண்ட மதிப்பினால் இக்கதை உலகெங்கும் பரவியது.

திராவகத்தில் கரைந்த பொன்

கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் என்னும் இயற்பியல் அறிஞரின் ஆய்வு நிறுவனம் இருந்தது. மாக்ஸ் வான் லாவ், ஜேம்ஸ் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிவியலாளர் இருவரின் நோபல் பதக்கங்கள் அங்குக் காப்புக்காக வைக்கப்பட்டிருந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது அன்று கொடிய குற்றம். பதக்கங்களில் உரியவரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. படைவீரர் கையில் அவை சிக்கினால் உரியவர் உயிருக்கு ஊறு நேரும்.

படைகள் நகருக்குள் நுழைந்த அன்று, அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் டி ஹெவசி என்னும் வேதியியல் அறிஞர் பதக்கங்களை இராஜதிராவகத்தில் இட்டுக் கரைத்தார். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த அத்திராவகம் பொன்னைக் கரைக்க வல்லது. பொன் கரைந்த நீர்மம் அடங்கிய புட்டி ஏனைய புட்டிகளோடு அலமாரியில் இருந்தது. நிறுவனத்தைத் துருவிப் பார்த்தவர் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்தபின் ஹெவசி திரும்பி வந்து, நீர்மத்திலிருந்து பொன்னை மீட்டார். அப்பொன்னைக் கொண்டே பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டு உரியவரிடம் சேர்க்கப்பட்டன.

அந்தப் புட்டியைப் போன்றே கோபன்ஹேகன் மக்களின் உள்ளமும் இருந்தது. வெளியே நிறமாறிக் கிடந்தது. உள்ளே பொன் குறையவில்லை.

பணிவு முடிந்த நாள்

மக்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை இருந்தது. இரகசிய நாளேடுகள் கையிலிருந்து கைக்கு மாறின. நாசவேலைக் குழுக்கள் ஜெர்மனிக்காக இயங்கிய தொழிற்சாலைகளைத் தகர்த்தன. 1943ஆம் ஆண்டு ஆகஸ்டில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. வேலைநிறுத்தத்தையும் கூட்டங்களையும் தடைசெய்ய வேண்டும், நாசவேலை புரிவோர்க்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்று ஜெர்மனி இறுதி எச்சரிக்கை விடுத்தது. மூன்றாண்டுகளாக இசைந்து வந்த அரசு அன்று 'முடியாது' என்றது.

ஆகஸ்ட் 29ஆம் நாள் ஜெர்மானியப் படை நெருக்கடி நிலையை அறிவித்து ஆட்சியைக் கையில் எடுத்தது. கோபன்ஹேகனின் ஹோல்மன் கடற்படைத் தளத்திற்குள் அவர்கள் நுழைவதற்குள், டேனியக் கடற்படையினர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தனர். துறைமுகத்து நீருக்குமேல் சாய்ந்து நின்ற பாய்மரங்களையும் புகைபோக்கிகளையும் மக்கள் கண்டனர்.

கதவுகள் திறந்த இரவுகள்

அடுத்த மாதமே யூதர்களைச் சிறைப்பிடித்து நாடுகடத்தும் ஆணை வந்தது. ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபெர்டினண்ட் டக்விட்ஸ் என்பவர், தம் உயிருக்கு நேரக்கூடிய கேட்டினை எண்ணாது, இச்செய்தியை டேனியத் தலைவர்களிடம் முன்னரே தெரிவித்தார். செப்டம்பர் 29ஆம் நாள் காலை யூதர் வழிபாட்டு மன்றத்தில் குரு மார்கஸ் மெல்கியோர் வழிபாட்டை நிறுத்தி, உடனே வீடுகளை விட்டு மறைந்துகொள்ளுமாறு கூறினார்.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. அண்டை வீட்டார் அறைகளை ஒழித்துக் கொடுத்தனர். பிஸ்பெபியர்க் மருத்துவமனையின் மருத்துவர்களும் செவிலியர்களும் நூற்றுக்கணக்கானோரை நோயாளிகள் என்று சொல்லிக் காத்தனர். ஆயர்களின் கண்டன மடல் தேவாலயங்களில் படிக்கப்பட்டது. ஹெல்சிங்கர் என்னும் ஊரில் 'தையல் சங்கம்' என்ற பெயரில் ஒரு குழு மக்களைப் படகேற்றியது. அவ்வூருக்கும் சுவீடன் கரைக்கும் இடையே நீரிணையின் அகலம் ஏறத்தாழ 4 கிலோமீட்டரே. ஆயினும் காவல் படகுகள் சுற்றிவந்த அந்நீரில், இருளில், மீன் அறைகளுக்குள் குழந்தைகளுடன் ஒடுங்கிக் கிடந்தோர்க்கு அத்தொலைவு பெருங்கடலாகவே இருந்தது.

சில வாரங்களில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் சுவீடனை அடைந்தனர். நீல்ஸ் போரும் அவ்வழியே தப்பினார். எல்லாரும் ஒரே தரத்தினராக இருந்தனர் என்று சொல்வதற்கில்லை. பயணத்திற்குப் பெருந்தொகை கேட்ட மீனவரும் இருந்தனர்; அத்தொகையைத் திரட்டிக் கொடுத்த அறிமுகமில்லா நகரத்தாரும் இருந்தனர். கில்லலேயே என்னும் ஊரின் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த ஏறத்தாழ 80 பேர் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டனர். மொத்தம் 470 பேர் அளவில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களையும் டென்மார்க் மறக்கவில்லை. உணவுப் பொதிகளை அனுப்பியது. அவர்கள் நிலையை இடைவிடாது கேட்டுக்கொண்டே இருந்தது.

தோட்டத்திற்குச் சென்ற தொழிலாளர்

1944ஆம் ஆண்டு ஜூன் மாதம். நாசவேலைகளுக்குப் பழிவாங்க, ஜெர்மானியருக்குத் துணைநின்ற குழுவினர் நகர மக்கள் விரும்பிச் செல்லும் திவோலி பூங்காவின் இசையரங்கைத் தகர்த்தனர். இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் வெளியில் நடமாடக்கூடாது என்று ஊரடங்கு ஆணை பிறந்தது.

கோபன்ஹேகனில் ஜூன் மாதத்துச் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். நெருக்கமான அடுக்குமாடிகளில் வாழ்ந்த தொழிலாளர், வெயில் எரிக்கும் மாலையிலேயே வீட்டுக்குள் அடைபட வேண்டியதாயிற்று. நகரின் ஓரங்களில் அவர்களுக்குச் சிறுசிறு தோட்டங்கள் இருந்தன. உருளைக்கிழங்கும் கீரையும் பயிரிட்ட அத்தோட்டங்கள் பங்கீட்டுக் காலத்தில் குடும்பத்தின் வயிற்றைக் காத்தன.

ஜூன் 26ஆம் நாள் நண்பகலில் பர்மைஸ்டர் – வைன் கப்பல் தளத்தின் தொழிலாளர்கள் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறினர். தாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை என்றும், மாலையில் வெளியே செல்ல இயலாதபடி ஆணை இருப்பதால் பகலிலேயே தோட்டத்தைப் பார்த்துவரச் செல்கிறோம் என்றும் ஆட்சியாளர்க்குத் தெரிவித்தனர். மறுக்க முடியாத நேர்மையும் மறைக்காத கிண்டலும் அவ்விடையில் கலந்திருந்தன.

ஏனைய தொழிற்சாலைகளும் அவ்வழி சென்றன. மாலையில் மக்கள் வீட்டுக்குள் அடங்க மறுத்தனர். வெஸ்டர்புரோ பகுதியின் தெருக்களில் தீ வளர்த்தனர். ஜூன் 30ஆம் நாள் நகரம் முழுவதும் நின்றது. ஆட்சியாளர் மின்சாரத்தையும் எரிவாயுவையும் குடிநீரையும் துண்டித்து, படைகளால் நகரைச் சூழ்ந்தனர். மக்கள் நகரத்து ஏரிகளில் நீர் முகந்தனர். முற்றங்களில் கல்லடுப்பு மூட்டிப் பொதுவாகச் சமைத்தனர். துப்பாக்கிச் சூட்டில் ஏறத்தாழ 100 பேர் உயிரிழந்தனர். 600க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறுதியில் ஆட்சியாளர் இறங்கி வந்தனர். ஊரடங்கு ஆணை விலக்கப்பட்டது. வெறுப்புக்குரிய துணைப்படை தெருக்களிலிருந்து அகற்றப்பட்டது.

1940இல் இயல்பு வாழ்க்கை என்பது பணிவுக்கு ஈடாக ஆள்வோர் அளித்த சலுகை. 1944இல் அதே இயல்பு வாழ்க்கையை மக்கள் தம் உரிமையாகக் கேட்டனர். மாலையில் தோட்டத்திற்குச் செல்லும் உரிமைக்காக ஒரு நகரமே உயிரைப் பணயம் வைத்தது.

இறுதிக் குளிர்காலம்

வெற்றிக்குப் பின்னும் துன்பம் ஓயவில்லை. 1944ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் பொய்யான வான்தாக்குதல் சங்கொலி எழுப்பி, டேனியக் காவலர்களைச் சிறைப்பிடித்தனர். ஏறத்தாழ 2,000 பேரைப் புகன்வால்ட் முகாமுக்கு அனுப்பினர். காவல்துறை இல்லாத நகரத்தில் மக்களே தம் தெருக்களைக் காத்தனர்.

1945ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஆங்கிலேய விமானங்கள், ஜெர்மானிய இரகசியக் காவல்துறை அமர்ந்திருந்த ஷெல் மாளிகையைத் தாக்கின. ஆவணங்கள் அழிந்தன; மேல்தளத்தில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் போராளிகள் பலர் தப்பினர். ஆனால், விமானங்களுள் ஒன்று பிரெஞ்சுப் பள்ளியொன்றின் அருகே வீழ்ந்து தீப்பற்றியது. அப்புகையையே இலக்கென எண்ணிப் பின்வந்த விமானங்கள் பள்ளியின்மீது குண்டுகளை வீசின. 86 குழந்தைகள் மாண்டனர். விடுவிக்க வந்தவர் கையாலேயே அத்துயரம் நேர்ந்தது. அறப்போரிலும் பிழைக்கு விலை கொடுப்போர் குற்றமற்றோரே என்பதை அந்நகரம் அன்று அறிந்தது.

திரை விலகிய இரவு

1945ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் இரவு. இலண்டன் வானொலியின் டேனிய மொழிச் செய்தியைக் கேட்க வீடுகளில் மக்கள் கூடியிருந்தனர். மணி எட்டரையைத் தாண்டியபோது, செய்தி வாசித்தவர் சற்று நிறுத்தினார். பிறகு, டென்மார்க்கில் உள்ள ஜெர்மானியப் படைகள் சரணடைந்துவிட்டன என்று அறிவித்தார்.

மக்கள் முதலில் செய்த செயல், சாளரங்களின் கருந்திரைகளைக் கிழித்தெறிந்ததுதான். தெருக்களில் அத்திரைகளைக் குவித்து எரித்தனர். அடுத்து, வீட்டில் இருந்த மெழுகுவத்திகளை ஏற்றிச் சாளரங்களில் வைத்தனர். ஐந்தாண்டுகள் இருண்டு கிடந்த தெருக்கள் அணையா விளக்குகளால் நிரம்பின. எவரும் ஆணையிடவில்லை, எவரும் திட்டமிடவில்லை. எது நெடுநாளாக மறுக்கப்பட்டதோ அதையே ஒவ்வொரு வீடும் தானாக மீட்டுக்கொண்டது.

இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே 4ஆம் நாள் மாலை டென்மார்க்கின் வீடுகளில் சாளரந்தோறும் மெழுகுவத்தி எரிகிறது. போரை நேரில் கண்ட தலைமுறை மறைந்து வருகிறது; சுடரை ஏற்றும் கைகள் மாறியுள்ளன. தம் சாளரத்தைத் திறந்து வைப்பதும், விரும்பிய நேரத்தில் விளக்கேற்றுவதும், மாலையில் தோட்டத்திற்கு நடப்பதும் எளிய செயல்கள். எளியவை என்பதனாலேயே அவற்றின் அருமையை நாம் மறந்துவிடுகிறோம். அவற்றை இழந்து மீட்டவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறு சுடரால் அதனை நினைவூட்டிக்கொள்கின்றனர்.

சொற்பொருள்

சாளரம் – காற்றும் ஒளியும் புகும் சுவர்த்திறப்பு
நீரிணை – இரு நீர்ப்பரப்புகளை இணைக்கும் குறுகிய கடற்பகுதி
ஊறு – தீங்கு
பரண் – கூரைக்குக் கீழுள்ள மேல்தட்டு

இலக்கணக் குறிப்பு

கடுங்குளிர் – பண்புத்தொகை
அணையா விளக்கு – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மருத்துவர்களும் செவிலியர்களும் – எண்ணும்மை

கற்பவை கற்றபின்...

1. போர்க்காலத்தில் உணவும் ஒளியும் எரிபொருளும் குறைந்த நாள்களைப் பற்றி உங்கள் ஊர் முதியோர் கூறும் செய்திகளைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.
2. 'ஒரு நாட்டைக் காக்கப் பணிவதும் அறமாகுமா?' என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

வினாக்கள்

குறுவினா
1. இருட்டடிப்பு ஆணை கோபன்ஹேகன் மக்களைப் பெரிதும் வாட்டியதன் காரணம் யாது?
2. ஹெவசி நோபல் பதக்கங்களைக் கரைத்தது ஏன்?

சிறுவினா
1. யூதர்களைக் காப்பதில் பல்வேறு மக்கள் ஆற்றிய பங்கினை எழுதுக.
2. 'வெளியே நிறமாறிக் கிடந்தது. உள்ளே பொன் குறையவில்லை' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
1. சலுகையாகப் பெற்ற இயல்பு வாழ்க்கையைக் கோபன்ஹேகன் மக்கள் உரிமையாகக் கேட்ட நிகழ்வினைப் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.